லினக்ஸ் மின்ட் 22: தோவாளைப் பூக்கடைக்குப் பொருந்துமா?

தோவாளை மலர்ச் சந்தையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையில் பில் போடும் கணினிகளைப் பராமரிக்கிறேன். 2024 ஜூலையில் வெளியான லினக்ஸ் மின்ட் 22 இயங்குதளம், சின்னமன் என்னும் திரைமுகப்போடு வரும் பதிப்பு, அவற்றில் ஓடுகிறது. விடியுமுன் பிச்சிப்பூவை எடைபோட்டுவிட்டு ஈரக்கையோடு வந்து உட்காருபவரிடம் நீண்ட கடவுச்சொல்லைக் கேட்பது நடக்கிற காரியமன்று.

அமைப்புகளில் உள்ள தானியங்கி நுழைவு ஒரே ஒரு பயனருக்குத்தான் உதவும். பலர் மாறி மாறி அமரும் கடைக்கு, கடவுச்சொல் கேட்க வேண்டாதவர்களுக்கென லைட்டிஎம் நுழைவுத்திரை வைத்திருக்கும் குழுவில் பயனரைச் சேர்ப்பதே தக்க வழி. அதன்பின் பெயரைச் சொடுக்கினால் போதும். நிர்வாக வேலைகளுக்குக் கடவுச்சொல் கேட்கும், அது நல்லதே. ஆனால் சேமித்த கடவுச்சொற்களின் பெட்டகம் திறக்கப்படாமலே இருப்பதால், குரோமைத் திறந்தவுடன் அதற்கொரு கடவுச்சொல் கேட்பது எரிச்சலூட்டுகிறது.

ஓணத்துக்குக் கேரளத்திலிருந்து ஆர்டர் குவியும்போது தற்காலிக ஆட்கள் வருவார்கள். யார் போட்ட பில் என்று தெரிய வேண்டுமென்பதால் ஆளுக்கொரு கணக்கு. திருவோணம் முடிந்து அவர்கள் போனபின், பில் கோப்புகள் தேவைப்படும் என்பதால் கணக்கை அழிக்காமல் முடக்கவே வேண்டியிருக்கிறது. சிக்கல் இங்கேதான். கடவுச்சொல்லைப் பூட்டும் கட்டளை, கடவுச்சொற்களைக் குறியாக்கி வைத்திருக்கும் ஷேடோ கோப்பில், அந்தப் பயனரின் குறியாக்கத்தின் முன்னால் ஓர் ஆச்சரியக்குறியைப் போடுகிறது, அவ்வளவுதான். அதனால் எந்தக் கடவுச்சொல்லும் பொருந்தாமல் போகும். மேற்சொன்ன குழுவில் இருப்பவருக்கோ கடவுச்சொல் சோதனையே கிடையாது என்பதால், பூட்டிய கணக்கும் ஒரே சொடுக்கில் திறந்துகொள்ளும். இக்கட்டளை கணக்கை முடக்குவதில்லை என்று அதன் கையேட்டுப் பக்கமே சொல்கிறது. அதை யார் படிக்கிறார்கள்?

கணக்கின் காலாவதியை 1 என்று வைப்பதுதான் உண்மையான முடக்கம். 1970 ஜனவரி 1-இலிருந்து நாள்களை எண்ணுவதால் அந்த எண் 1970 ஜனவரி 2-ஐக் குறிக்கும்; எப்போதோ கடந்துபோன நாள் என்பதால், எந்த வழியில் வந்தாலும் கணக்குச் சரிபார்ப்பில் வாசல் அடைபடும். குழுவிலிருந்தும் பெயரை நீக்கிவிடுவது கூடுதல் பாதுகாப்பு.

காலாவதி வைப்பதை, கட்டளைகளை எழுத்தாக இடும் சாளரமான முனையத்தில் தட்டச்சு செய்தே ஆகவேண்டும் என்பதே என் முதன்மையான குறை. முனையம் பழகிய ஆள் பக்கத்தில் இருக்கும் கடைக்கு, இலவசமாகக் கிடைத்து 2029 வரை புதுப்பிப்பும் பெறும் இம்மென்பொருளைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அப்படி ஆளில்லாத கடைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த ஓணத்துக்கு அதே ஆள் வந்தால், காலாவதியை நீக்கிக் குழுவில் மறுபடி சேர்த்துவிட்டால் பழைய கோப்புகளோடு வேலையைத் தொடரலாம்.