அர்த்தஞ்சொல்லுகிறவர் கையில் எந்த வேதாகமம்? 1 கொரிந்தியர் 12–14ஐ வைத்து ஒரு மதிப்புரை

ஆராதனையில் ஒருவர் அந்நியபாஷையில், அதாவது ஆவியின் வரமாகக் கருதப்படும், சபைக்குப் புரியாத பேச்சில், சத்தமாகப் பேசி முடிக்கிறார். சபை அமைதியாகிறது. அடுத்து யார் பேச வேண்டும், எவ்வளவு பேச வேண்டும், யாரும் அர்த்தம் சொல்லாவிட்டால் என்ன செய்வது? இதற்கெல்லாம் புதிய ஏற்பாட்டில் நேரடியான நடைமுறை ஒழுங்கு இருக்கும் இடம், கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபமான 1 கொரிந்தியரின் 14ஆம் அதிகாரம் ஒன்றுதான். அந்த ஒழுங்கு தமிழ்ச் சபையின் காதில் எந்தச் சொற்களில் விழுகிறதோ, அதைப் பொறுத்தே கூட்டம் நடக்கிறது.

இங்கே பார்ப்பது இரண்டு பதிப்புகள். ஒன்று, ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871இல் முடித்த பழைய மொழிபெயர்ப்பு. இன்று இந்திய வேதாகமச் சங்கம் 'பரிசுத்த வேதாகமம்' என்று அச்சிடுவது. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் கையில் இருப்பது இதுதான். மற்றொன்று, 1995இல் வெளிவந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு. ஆவியின் வரங்களை வலியுறுத்தும் கத்தோலிக்க அருங்கொடை செபக்குழுக்களில் வாசிக்கப்படுவது. முழு வேதாகமத்தையும் எடைபோடும் முயற்சி இல்லை இது. பாஷை பேசுகிறவரும், அர்த்தம் சொல்லுகிறவரும், கூட்டத்தை நடத்துகிறவரும் 12 முதல் 14 வரையுள்ள மூன்று அதிகாரங்களை வைத்து வேலை செய்ய முடியுமா என்பது மட்டுமே கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சபை நடுவே ஒழுங்கை வாசித்துக் காட்டப் பழைய மொழிபெயர்ப்பே சிறந்தது. ஆனால் அதில் சில சொற்களை விளக்காமல் வாசித்தால், வாசித்தும் பயனில்லை. திருவிவிலியம் படிக்கும் மேசையில் கட்டாயம் இருக்க வேண்டும். அதை மட்டும் வைத்துக்கொண்டு அந்நியபாஷையை ஒழுங்குபடுத்தப் போனால் ஒரே ஒரு சொல் காலை வாரிவிடும்.

பழைய மொழிபெயர்ப்பின் பலம் 14:27, 28இல் தெரிகிறது. "இரண்டுபேர்மட்டில், அல்லது மிஞ்சினால் மூன்றுபேர்மட்டில் அடங்கவும், அவர்கள் ஒவ்வொருவராய்ப் பேசவும், ஒருவன் அர்த்தத்தைச் சொல்லவும் வேண்டும்." எண்ணிக்கை, வரிசை, அர்த்தம் சொல்லும் ஆள் என மூன்று விதிகளும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. 'மிஞ்சினால்' என்ற சொல்லே உச்சவரம்பைச் சொல்லிவிடுகிறது. மூன்று பேர் பேசியே தீர வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. 'ஒருவன்' என்பதும் கிரேக்கத்தில் இருக்கும் இருபொருளை அப்படியே காப்பாற்றுகிறது: மூன்று பேர் பேசியதற்கும் ஒரே ஆள் அர்த்தம் சொல்லலாம், ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் சொல்லலாம். மூலம் முடிவு சொல்லாத இடத்தில் மொழிபெயர்ப்பும் முடிவு சொல்லவில்லை.

அடுத்த வசனம்: "அர்த்தஞ்சொல்லுகிறவன் இல்லாவிட்டால், சபையிலே பேசாமல், தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசக்கடவன்." கிரேக்கத்தில் 'தெரிய' என்ற சொல் இல்லை, 'தனக்கும் தேவனுக்கும் பேசட்டும்' என்பதோடு நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் சேர்த்த அந்தச் சிறு சொல், சத்தத்தின் அளவைச் சொல்லிவிடுகிறது: பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை. இங்கே 'பேசாமல்' என்று வருவது கிரேக்கத்தில் மௌனமாயிருப்பதைக் குறிக்கும் வினை. அதே வினை 14:30இலும் 14:34இலும் வருகிறது. மூன்று இடத்திலும் பழைய மொழிபெயர்ப்பு 'பேசாமல்', 'பேசாமலிருக்கக்கடவன்', 'பேசாமலிருக்கக்கடவர்கள்' என்று ஒரே சொல்லையே பிடித்துக்கொள்கிறது. இது பெரிய உதவி. 34ஆம் வசனத்தைப் பெண்களை நோக்கி உரக்க வாசிக்கிறவர், அதே கட்டளை அர்த்தம் இல்லாமல் பாஷை பேசுகிறவருக்கும் நேரம் முடிந்த தீர்க்கதரிசிக்கும் கொடுக்கப்பட்டிருப்பதைத் தமிழிலேயே பார்த்துவிடலாம்.

இனி பழுதுகள். முதலாவதும் பெரியதும் 'வியாக்கியானம்'. 12:10இல் வரங்களின் பட்டியலில் "பாஷைகளை வியாக்கியானம்பண்ணுதலும்" என்று வருகிறது. 12:30இலும் 14:26இலும் அதே வியாக்கியானம். ஆனால் 14:5, 13, 27, 28 ஆகிய வசனங்களில் 'அர்த்தம் சொல்லுதல்' ஆகிவிடுகிறது. கிரேக்கத்தில் இவை எல்லாம் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து வந்தவை. தமிழில் வியாக்கியானம் என்றால் நூலுக்கு எழுதும் விரிவுரை. அதனால் என்ன நடக்கிறது? 12ஆம் அதிகாரத்தை வாசிக்கிறவர், 'வியாக்கியான வரம்' என்பது வேதத்தை விளக்கிப் பிரசங்கிக்கும் திறமை என்று நினைத்துக்கொள்கிறார். 14ஆம் அதிகாரத்துக்கு வரும்போது அர்த்தஞ்சொல்லுகிறவரை வேறு ஓர் ஊழியக்காரராகப் பார்க்கிறார். குறிப்பாக 14:26இல், "ஒருவன் அந்நியபாஷையைப் பேசுகிறான்" என்பதற்கும் "ஒருவன் வியாக்கியானம்பண்ணுகிறான்" என்பதற்கும் இடையே வேறொரு வாக்கியம் வந்துவிடுவதால், இரண்டும் ஜோடி என்பதே கண்ணில் படுவதில்லை. பாஷை பேசும் வரத்துக்காக உபவாசம் இருக்கும் பலர் அர்த்தம் சொல்லும் வரத்தைக் கேட்பதே இல்லை. பட்டியலில் அந்த வரம் அவர்கள் அறிந்த பெயரில் இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். 14:13 இரண்டையும் சேர்த்துக் கேட்கவே சொல்கிறது: பாஷை பேசுகிறவன் "அர்த்தத்தையும் சொல்லத்தக்கதாக விண்ணப்பம்பண்ணக்கடவன்". பேசியவரே அர்த்தமும் சொல்லலாம் என்பதற்கும் ஆதாரம் இதே வசனம்தான்.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல், அளவு. பத்து நொடி பேசிய பாஷைக்கு இரண்டு நிமிட அர்த்தம் வந்தால் சபையில் முணுமுணுப்பு எழும். 'அர்த்தம்' என்ற சொல் தமிழ்க் காதில் சொல்லுக்குச் சொல் என்று ஒலிப்பதும் அதற்குக் காரணம். மூலச் சொல் அவ்வளவு குறுகலானது இல்லை. தபீத்தாள் என்ற பெயருக்குத் தொற்காள் என்று அர்த்தம் சொல்லும் அப்போஸ்தலர் 9:36இலும், எம்மாவுக்குப் போகும் வழியில் இயேசு வேதவாக்கியங்களை விவரித்துக் காண்பிக்கும் லூக்கா 24:27இலும் அதே கிரேக்க வினைதான். ஒன்று நேர் மொழிபெயர்ப்பு, மற்றது நீண்ட விளக்கம். ஆகவே நீளம் மட்டும் ஓர் அர்த்தத்தைப் பொய்யாக்கிவிடாது. ஆனால் பேசியவர் நிறுத்திய பிறகும் அர்த்தம் சொல்லுகிறவர் மெதுவாகப் பிரசங்கத்துக்கு நழுவுவது உண்மையான ஆபத்து. கூட்டத்தை நடத்துகிறவர் கவனிக்க வேண்டிய இடம் அது.

இரண்டாவது பழுது இதைவிட நுட்பமானது; விளைவு இதைவிட மோசம். 14:29: "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்." இன்றைய தமிழில் நிதானம் என்றால் பொறுமை, அவசரப்படாமை. தீர்க்கதரிசி பேசும்போது மற்றவர்கள் சும்மா அமைதியாக இருக்க வேண்டும் என்று சபை கேட்டுக்கொள்கிறது. பவுல் சொன்னது நேர் எதிர்: சொல்லப்பட்டதை எடைபோடுங்கள், சரிதானா என்று தீர்மானியுங்கள். பழைய தமிழில் நிதானித்தல் அந்தப் பொருளில்தான் வழங்கியது. சோதித்துப் பார்க்கச் சொன்ன கட்டளை, சோதிக்காமல் இருக்கச் சொல்வதாகத் தலைகீழாகிவிடுகிறது. அர்த்தம் சொல்லப்பட்ட பாஷையைத் தீர்க்கதரிசனத்துக்குச் சமமாக 14:5 வைப்பதால், இந்தச் சோதனை அர்த்தத்துக்கும் பொருந்தும். பரிகாரம் அதே நிருபத்தில் மூன்று அதிகாரம் முன்னால் இருக்கிறது. திருவிருந்து நாளில் வாசிக்கும் 11:31: "நம்மை நாமே நிதானித்து அறிந்தால்". அங்கே எல்லாருக்கும் பொருள் தெரியும்: ஆராய்ந்து பார்ப்பது. கிரேக்கத்திலும் அதே வினை. 14:29ஐ வாசிக்குமுன் 11:31ஐ ஒருமுறை நினைவுபடுத்தினால் போதும், அகராதியே வேண்டாம்.

14:16இல் 'கல்லாதவன்' ஆமென் சொல்ல முடியாமல் நிற்கிறான். படிக்காதவரைப் பற்றிய பேச்சு இல்லை அது. பேசப்படுவது புரியாமல் வெளியாளாக உட்கார்ந்திருக்கிறவர். முதுகலைப் பட்டம் பெற்றவரும் அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கலாம். 'பக்திவிருத்தி' என்ற சொல்லிலும் ஓர் இழப்பு உண்டு: மூலத்தில் இருப்பது வீடு கட்டுவது போன்ற கட்டுமானப் படம். பக்தி தனி மனிதருக்கு உள்ளே நடக்கிற காரியமாகத் தோன்றுவதால், 'சபைக்குப் பக்திவிருத்தி' என்பது கூட்டு வேலை என்ற உணர்வு மங்கிவிடுகிறது.

திருவிவிலியத்துக்கு வருவோம். வாசிக்க இலகு. தீர்க்கதரிசனம் என்பதற்கு 'இறைவாக்கு' என்ற சொல், வருங்காலம் சொல்வதுதான் தீர்க்கதரிசனம் என்ற பரவலான தவறை வேரிலேயே அறுக்கிறது. 'பேசுகிறவன்' என்பதற்குப் பதில் 'அர்' விகுதி மரியாதை வடிவங்கள் வருவதால், அர்த்தம் சொல்லும் ஊழியம் ஆணுக்கு மட்டும் என்ற தோற்றமும் எழுவதில்லை. பாஷை பேசுவதையும் அதை விளக்குவதையும் 12:10 அடுத்தடுத்து, ஒன்றை மற்றொன்றோடு கட்டிவைத்துச் சொல்வதும் நல்லது. வாங்குகிறவர்கள் கவனிக்க: கத்தோலிக்கத் திருமுறைப்படி, பழைய மொழிபெயர்ப்பில் இல்லாத இணைத் திருமுறை நூல்களும் இதில் உண்டு.

ஆனால் அந்நியபாஷைக்கு இது தேர்ந்துகொண்ட சொல் 'பரவசப் பேச்சு'. ஏன் இப்படி என்பது புரிகிறது. சீஷர்கள்மேல் ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் (அப்போஸ்தலர் 2) பேசப்பட்டவை கேட்டவர்களுக்குப் புரிந்த மொழிகள். கொரிந்துவில் யாருக்கும் புரியவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று காட்ட வேறொரு சொல் தேவைப்பட்டிருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பின் 'அந்நியபாஷை', வெளியே இருந்து வருகிறவருக்கு அயல்நாட்டு மொழி என்றே ஒலிக்கும் என்பதும் உண்மை. மூலத்தில் 'நாக்கு', 'மொழி' என்று பொருள்படும் ஒற்றைச் சொல்தான், 'அந்நிய' சேர்க்கை. ஆங்கிலக் கிங் ஜேம்ஸ் பதிப்பும் இந்த அதிகாரத்தில் இதேபோல ஓர் அடைமொழியைச் சேர்த்து, அதைச் சாய்வெழுத்தில் போட்டுச் சேர்க்கை என்று காட்டியிருக்கிறது.

இருந்தாலும் பரவசம் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: பர வசம், பிறர் வசப்பட்ட நிலை. தன் வசத்தில் இல்லாதவரிடம், 'விளக்குகிறவர் இல்லையென்றால் பேசாதிரும்' என்று எப்படிச் சொல்வது? 'ஒருவர் முடித்த பின் நீர் பேசும்' என்று வரிசையில் எப்படி நிறுத்துவது? பவுலின் ஒழுங்கு முழுவதும், பேசுகிறவரால் தன்னை நிறுத்திக்கொள்ள முடியும் என்ற அடிப்படையில் நிற்கிறது. "தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறதே" என்ற 14:32 அதே அடிப்படையைத்தான் சொல்கிறது. 'ஆவியானவர் பேசவைக்கிறார், என்னால் நிறுத்த முடியவில்லை' என்பது கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற சமாதானம். அந்தச் சமாதானத்துக்கு இந்தச் சொல் வேத வசனத்துக்குள்ளேயே இடம் கொடுத்துவிடுகிறது. ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தில், ஒழுங்குக்கு அடங்காத சொல். இவ்வளவு கவனமாகச் செய்யப்பட்ட பதிப்பில் இது வருத்தமான தேர்வு.

இரு பதிப்புகளும் சேர்ந்து நன்றாகக் காட்டுகிற ஒன்றுண்டு. சபைகள் அதிகம் கவனிக்காத ஒன்று. 14:2இன்படி பாஷையில் பேசுகிறவர் மனுஷரிடம் பேசாமல் தேவனிடம் பேசுகிறார். 14 முதல் 17 வரையுள்ள வசனங்களில் அது ஜெபம், பாட்டு, ஸ்தோத்திரம். பெந்தெகொஸ்தே நாளிலும் கேட்டவர்கள் கேட்டது "தேவனுடைய மகத்துவங்களை". அப்படியென்றால் அர்த்தமும் பெரும்பாலும் ஜெபமாக, துதியாகத்தான் வர வேண்டும். நடைமுறையில் வருவதோ 'என் ஜனமே, நான் உனக்குச் சொல்லுகிறேன்' என்ற அறிவிப்பு. 14:5ஐக் காட்டி இதற்கும் இடமுண்டு என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த வசனம் சமப்படுத்துவது சபைக்குக் கிடைக்கும் பயனை, பேச்சின் வடிவத்தை இல்லை. அர்த்தம் எப்போதும் கட்டளையாகவே வரும் சபையில், ஒருமுறையாவது 14:14–17ஐ உட்கார்ந்து படிக்க வேண்டும். அர்த்தம் சொல்லுகிறவர்கள் பழைய மொழிபெயர்ப்பின் 'கடவாய்', 'பண்ணுவேன்' நடையிலேயே பேசுவதையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த நடை அர்த்தத்துக்கு அதிகாரம் சேர்ப்பதாக நினைக்கிறார்கள். பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த அர்த்தத்துக்கே இன்னோர் அர்த்தம் வேண்டியிருக்கிறது. வீட்டில் பேசும் தமிழ் போதும்.

கூட்டத்துக்குப் பயன்படுத்தும் முறை: திறந்த ஜெபவேளைக்கு முன் 14:26 முதல் 33 வரை பழைய மொழிபெயர்ப்பிலிருந்து மெதுவாக வாசியுங்கள். மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 26இல் வியாக்கியானம் வரும்போது 'அதாவது, அந்தப் பாஷைக்கு அர்த்தம் சொல்லுகிறான்' என்று ஒரு வரி சேருங்கள். 29இல் 11:31. அர்த்தம் சொல்லும் வரமுள்ளவர்கள் யார் யார் என்று நடத்துகிறவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 'இல்லாவிட்டால்' என்று 28 சொல்வதை வேறெப்படியும் கடைப்பிடிக்க முடியாது. ஒலிவாங்கியை முதலில் அவர்கள் பக்கத்தில் வையுங்கள், பாஷை பேசுகிறவர் பக்கத்தில் வேண்டாம். ஒருவர் பேசி முடித்ததும் வாத்தியங்கள் நிற்கட்டும். அர்த்தம் வராவிட்டால் அடுத்தவரைப் பேச விடாமல், எல்லாரும் தமிழில் ஜெபிக்கும்படி அழையுங்கள். வசனத்தில் அந்தச் சூழலுக்குச் சொல்லியிருப்பது அவ்வளவுதான்.