மதவாச்சியில் பிரிந்து கடலில் முடிகிற கோச்சி

செட்டிகுளம் ஸ்ரேசனில் ரிக்கெற் எடுக்கும்போது பேரன் கேட்டான், "அப்பம்மா, இந்தக் கோச்சி எங்க போய் நிக்கும்?" என்று. "கடலுக்குள்ள" என்றேன். அவன் நம்பவில்லை. ஒன்பது வயசு, எதற்கும் அத்தாட்சி கேட்கிற வயசு.

வவுனியா ஆட்கள் தலைமன்னார்ப் பாதையில் போவது குறைவு. எங்களுக்குக் கோச்சி என்றால் யாழ்ப்பாணத்துக்குப் போகிற யாழ்தேவி ரயில்தான். இந்தக் கிளைப்பாதை மதவாச்சியில் பிரிகிறது. வவுனியாவிலிருந்து முறைப்படி போவதென்றால் தெற்கே மதவாச்சிக்கு இறங்கி, அங்கே மாறி ஏற வேண்டும். அந்தச் சுற்று வேண்டாம், பஸ்ஸில் செட்டிகுளம் போய் ஏறுங்கள். நாளுக்கு ஓடுவதே ஒன்றிரண்டு கோச்சிதான், நேரமும் மாறிக்கொண்டிருக்கும். முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மடு மாதா கோயில் திருவிழா நாட்களில் மட்டும் இந்த விளையாட்டுக்குப் போகாதீர்கள். ஒற்றைக்காலில் நின்றுதான் போக வேண்டும். நாங்கள் திருவிழா முடிந்து இரண்டு கிழமை விட்டுப் போனோம். ஜன்னல் கிடைத்தது.

எந்தப் பக்கம் இருப்பது என்பதில் நான் பிழைவிட்டேன். மத்தியானத்துக்குப் பிறகு வெயில் இடப்பக்கம் அடிக்கும் என்று வலப்பக்கம் இருந்தேன். மன்னார்த் தீவுக்குள் போன பிறகுதான் தெரிந்தது, தென்கரையில் நிரையாக நிற்கிற 30 காற்றாலைகளும் மற்றப் பக்கமென்று. பேரன் முன்பின் தெரியாத ஒரு மாமாவின் மடிக்கு மேலால் எட்டி எட்டி எண்ணினான். வெயிலைப் பொறுத்துக்கொண்டு இடப்பக்கம் இருங்கள்.

மதவாச்சியிலிருந்து பியர் வரை, அதாவது தலைமன்னார் இறங்குதுறை ஸ்ரேசன் வரை, 106 கிலோமீற்றர். மடு ரோட் வரை காடு, அதுவும் யானைக் காடு. சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டே போனார். முருங்கனில் வயல் திறக்கும். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளைகிற வயல். அது என் ஊர், அதனால் அங்கே வந்தால் என்னால் நடுநிலையாக எழுத முடியாது.

அப்பா இந்தப் பாதையில் கேங் வேலை செய்தவர். விடிய ஒரு நீட்டுப்பிடிச் சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தோடு நடப்பார். தட்டுகிற சத்தத்திலேயே எந்தச் சிலிப்பர் கட்டையில் ஆணி இளகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். இறுகின ஆணி ஒரு மாதிரி, இளகினது இருமுகிற கிழவன் மாதிரி என்பார். 1990இல் யுத்தத்தால் கோச்சி நின்றது. தண்டவாளம் பங்கர்க் கூரைக்குப் போனது, சிலிப்பர் கட்டை பங்கர்ச் சுவருக்குப் போனது, மிஞ்சினது அடுப்புக்குப் போனது. நாங்கள் இடம்பெயர்ந்து போன ஒவ்வொரு ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும், அதுதான் மணி. அப்பா அதைத் தட்டிப் பார்க்காமல் போகமாட்டார். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் முள்ளுக்கம்பிக்கு உள்ளே இருந்தபோது, தான் நடந்த பாதை எந்தத் திசையில் கிடக்கிறது என்று கையைக் காட்டிச் சொன்னார். பார்க்கப் பற்றைக்காடுதான் தெரிந்தது.

இந்தியாவின் கடனுதவியில் இர்கொன் கொம்பனி புதுப் பாதை போட்டு, 2013 மே மாதம் மடு ரோட் வரையும், 2015 மார்ச் 14ஆம் திகதி பியர் வரையும் கோச்சி வந்தது. கடைசித் துண்டைத் திறக்க மோடியே தலைமன்னாருக்கு வந்தார். அப்பா 2011இல் போய்விட்டார். இப்போது கட்டையெல்லாம் கொங்கிறீட். அவர் இருந்திருந்தால் தட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்திருப்பார்.

இனிப் பயணத்தின் நல்ல இடம். திருக்கேதீச்சரம் தாண்டியதும் மரங்கள் சிறுத்து, உப்புத்தரவை வந்து, கோச்சி கடலுக்கு மேலால் பாலத்தில் ஏறும். இரண்டு பக்கமும் ஆழமில்லாத் தண்ணீர், பக்கத்தில் ரோட்டுப் பாலம். சில நிமிஷம்தான். அந்தச் சில நிமிஷம் பெட்டியில் யாரும் போனைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு மணலும் பனையும் கழுதைகளும். தோட்டவெளி, பேசாலை, தலைமன்னார், பிறகு பியர்.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். இறங்கிய இடத்தில் ஒரு கடையில் மீன்சோறு என்று வாங்கினோம். சோறு காலையிலேயே ஆறிப்போனது, மீன் முந்தின நாளே ஆறிப்போனது. கடையின் பெயர் வேண்டாம், ரீ மட்டும் நன்றாக இருந்தது. திரும்பும்போது நாங்கள் கோச்சிக்குக் காத்திருக்கவில்லை, பஸ்ஸில் மன்னார் வந்து வவுனியாவுக்கு மாறினோம்.

பியரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஸ்ரேசன் இருக்கிறது, வெளிச்சவீடு இருக்கிறது, பழைய இறங்குதுறையின் துருப்பிடித்த எலும்பு கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. இது என்ன, யார் வந்து போன இடம் என்று சொல்லும் பலகை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. ஆனால் எங்களுக்கு ஒரு ஆள் கிடைத்தார். வேப்பமர நிழலில் இருந்த எழுபத்தைந்து தாண்டிய ஒரு ஐயா. பேரன் துருப்பிடித்த தூண்களையே பார்ப்பதைக் கண்டு, "தங்கச்சி, பெடியனை இங்கால கூட்டி வாங்கோ" என்றார். கப்பல் காலத்தில் இங்கே பெட்டி தூக்கினவராம். ஒரு குச்சியால் மணலில் கோடு கீறிக் காட்டினார்: இது தண்டவாளம், இது சுங்கம், இது கப்பல்.

1914இல் இந்தப் பாதையும் கப்பலும் சேர்ந்து ஓடத் தொடங்கியபோது, சென்னை எழும்பூரில் எடுக்கிற ரிக்கெற்றோடு தனுஷ்கோடியில் கப்பலேறி இங்கே இறங்கிக் கொழும்புக் கோட்டை வரை போகலாம். அதற்கு முந்தித் தோட்ட வேலைக்கு வந்த சனம் மன்னாரிலிருந்து எங்கள் வன்னிக் காட்டுக்குள்ளால் மாத்தளை வரை நடந்தது. வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேஸ்வரத்துக்கு ராமானுஜம் கப்பல். ஐயாவின் கை அந்தக் கப்பலில்தான் நின்றது. போகும்போது சவுக்காரமும் கராம்பும், வரும்போது சேலையும் எவர்சில்வரும் என்று சிரித்தவர், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகச் சனத்தைப் பற்றிச் சொல்லும்போது குச்சியைக் கீழே வைத்துவிட்டார். "சட்டி பானையோட வருவினம். அதுகளின்ர பெட்டியைத் தூக்கக் காசு வாங்கக் கூச்சமா இருக்கும்."

இரண்டு வருஷத்துக்கு முன் மகள் இங்கிலாந்தில் பிரட்போர்டில் என்னை ஒரு கோச்சிக்குக் கூட்டிப்போனாள். கீத்லி என்ற ஊரிலிருந்து ஓக்ஸன்ஹோப் வரை எட்டு கிலோமீற்றர் ஓடுகிற பழைய கிளைப்பாதை. 1867இல் திறந்தது. 1961 கடைசியில் அரசாங்கம் பயணிகள் கோச்சியை நிறுத்த, ஊர்ச்சனம் சங்கம் கட்டிக் கெஞ்சி வாங்கி, 1968இல் தாங்களே திரும்ப ஓட்டினார்கள். இன்றைக்கும் ரிக்கெற் கிழிப்பதும் கரி அள்ளுவதும் கூடத் தொண்டர்கள்தான். வயசுபோன ஒருவர் காஸ் விளக்கைக் குழந்தையைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டு நின்றார். இன்னொருவர் ஸ்ரேசன் மாஸ்டர் தொப்பியோடு நின்று, கேளாமலே எல்லாம் சொன்னார். ஓய்வுபெற்ற கணக்காளராம். கையில் தந்தது எங்கள் காலத்துத் தடித்த அட்டை ரிக்கெற். அதை மணந்து பார்த்தேன், மகள் சிரித்தாள்.

நல்ல இடம்தான். ஆனால் அது பொழுதுபோக்குக் கோச்சி, எங்களுடையது மருந்துக்கும் மீனுக்கும் வழக்குக்கும் போகிற சனத்தின் கோச்சி. அவர்களுக்குச் சம்பளமில்லாத ஒரு பட்டாளம் இருக்கிறது. எங்களுக்கு வேப்பமரத்தடியில் ஒரு ஐயா. பேரனுக்குப் பிடித்தது எது என்று கேட்டால் ஐயாவைத்தான் சொல்வான்.

புறப்படும் முன் பேரன் தண்டவாளம் முடிகிற இடம் வரை போய், அங்கிருந்து தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தான். "கடலுக்குள்ள நிக்கேல்ல அப்பம்மா. கடலுக்குக் கிட்டத்தான் நிக்குது."

நான் வாயைத் திறக்க முந்தி ஐயா குச்சியைத் தூக்கிக் கடலுக்குள் நிற்கிற தூண்களைக் காட்டினார். "தம்பி, அந்தப் பாலத்துக்கு மேலாலதான் முந்தித் தண்டவாளம் போனது. கோச்சி போய்க் கப்பலுக்குப் பக்கத்தில நிக்கும். அப்பம்மா சொன்னது சரிதான்."