152 அடியா, புதிய அணையா?

கம்பத்துத் தேர்தல் மேடைகளில் முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தை 152 அடிக்கு உயர்த்துவோம் என்கிறார்கள். மலையேறிக் கேரளத்துக் குமுளிக்குப் போனால், தமிழகத்துக்குத் தண்ணீர், கேரளத்துக்குப் பாதுகாப்பு என்று சொல்லிப் புதிய அணை கேட்கிறார்கள். இவ்விரண்டில் முன்னதற்கே சட்டத்தின் துணை உண்டு. இப்போதைக்கு 142 அடி வரை தேக்கலாம், பலப்படுத்தும் பணிகள் முடிந்தபின் 152 அடியைப் பரிசீலிக்கலாம் என்று 2006இல் கூறிய உச்ச நீதிமன்றம், 2014 தீர்ப்பில் 142 அடியை மீண்டும் உறுதி செய்ததுடன், தமிழகத்தின் சம்மதமின்றிப் புதிய அணையைத் திணிக்க முடியாது என்பதையும் தெளிவாக்கியது.

ஆனால் 152 என்று முழங்குவோர், பெரிய அணையை ஒட்டியுள்ள சிறிய துணை அணையான பேபி அணையைப் பலப்படுத்தும் பணி முடியாமல் அந்த உயரம் கிட்டாது என்பதை வசதியாக விழுங்கிவிடுகிறார்கள். அப்பணிக்காக 15 மரங்களை வெட்ட 2021 நவம்பரில் கேரள வனத்துறை தந்த அனுமதி, அங்கே எழுந்த அரசியல் கூச்சலில் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. மரத்துக்கே இந்தப் பாடு என்றால், புதிய அணைக்கு இரு மாநில ஒப்புதலை எவர் வாங்கித் தருவார்? கேரளத்தில் இரண்டு அணிகளுமே அதைக் கேட்பதால், அங்கே எதிர்க்கேள்வி எழுப்ப ஆளில்லை.

விடியும் முன்பே கம்பத்திலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் காய் பறித்துவிட்டு இருட்டும் நேரத்தில் இறங்கும் பெண்களுக்கு வாக்கு இங்கே, கூலி அங்கே. அணைச் சண்டை முற்றி 2011 டிசம்பரில் எல்லைச் சாலை அடைபட்டபோது முதலில் பிழைப்பை இழந்தவர்கள் இவர்களைப் போன்றவர்களே. இரண்டு வாக்குறுதிகளிலும் இவர்களுக்கென்று ஒரு வரி கிடையாது.