உரிமைக்காக நிற்பவர்களை உருவாக்க எது உதவும்: முகாமா, மாலை வகுப்பா, களமா?

ஊரில் ஒரு சாதி வன்கொடுமை நடந்தால், அன்றே காவல் நிலையத்துக்குத் துணைக்குப் போகவும், புகாரில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லவும், எஃப்.ஐ.ஆர். நகலை வாங்காமல் திரும்பாமலிருக்கவும் தெரிந்த ஒருவர் அந்தக் காலனியிலேயே இருக்க வேண்டும். நகரத்திலிருந்து வழக்கறிஞர் வந்து சேர்வதற்குள் பாதி வழக்கு கெட்டுப்போகும். இப்படிப்பட்டவர்களை உருவாக்கத்தான் தமிழ்நாட்டில் பல அமைப்புகள் மனித உரிமைப் பயிற்சி நடத்துகின்றன. ஆனால் பயிற்சி என்றதும் முதலில் போடும் திட்டம் பெரும்பாலும் ஐந்து நாள் தங்கல் முகாம்தான். ஊரிலேயே நடக்கும் மாலை வகுப்பும், சம்பவ இடத்துக்கே போய் விசாரிக்கும் உண்மை அறியும் குழுவோடு அனுப்பும் களப்பயிற்சியும் பணமும் நேரமும் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளப்படுகின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

மனித உரிமைக் கல்வி, பயிற்சி பற்றி ஐ.நா. பொதுச்சபை 2011 டிசம்பரில் ஏற்ற பிரகடனம் மூன்று விஷயங்களைக் கேட்கிறது. உரிமைகளைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தரும் முறையே கற்பவரின் உரிமையை மதிப்பதாக இருக்க வேண்டும். கற்றவர் தன் உரிமையையும் பிறர் உரிமையையும் நிலைநாட்டும் திறன் பெற வேண்டும். மூன்று முறைகளையும் இந்த மூன்றாவது கேள்வியை வைத்தே எடைபோடுகிறோம்.

முகாமின் பலத்தை முதலில் சொல்லிவிடலாம். 25 முதல் 30 பேர், நாளுக்கு 7 மணி நேரம், மொத்தம் 35 மணி. நிலக்காரரின் வயலில் வேலை செய்யும் ஒருவர் சொந்த ஊரில் வாய் திறக்கத் தயங்குவதை, வேறு மாவட்டத்து ஆட்கள் நடுவே தயங்காமல் பேசுவார். தன் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைத்தவர் இரண்டாம் நாளே அது தவறென்று புரிந்துகொள்வார். அவசரத்தில் கூப்பிடப் பத்துப் பேரின் எண்ணும் கிடைக்கும். இவை சிறிய விஷயங்கள் அல்ல.

பலவீனம், யார் வருகிறார்கள் என்பதிலேயே தொடங்குகிறது. ஐந்து நாள் கூலியை விட்டுவிட்டு, பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைத்து வர எத்தனை பெண்களால் முடியும்? கூலி இழப்பீடும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும் செலவுத்திட்டத்தில் இல்லையென்றால், வருவது வீட்டுப் பொறுப்பு குறைந்த இளைஞர்களும் ஏற்கெனவே நான்கு முகாம் பார்த்தவர்களும்தான். அடுத்த கோளாறு பாடத்திட்டம். ஒவ்வொரு கருத்தாளருக்கும் ஒன்றரை மணி நேரம். அரசமைப்புச் சட்டத்தின் 14, 17, 21ஆம் பிரிவுகள், ஐ.நா. உடன்படிக்கைகள், ஆணையங்கள் என்று நோட்டு நிறைந்துவிடும். ஆனால் ஊருக்குத் திரும்பியவர் கையில் ஒரு மனுவை எழுதிய அனுபவம்கூட இருக்காது.

முகாமுக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்காவின் ஹைலாண்டர் பள்ளி. டென்னசியில் 1932இல் தொடங்கிய அந்தப் பள்ளியின் பயிலரங்கில் 1955 கோடையில் ரோசா பார்க்ஸ் இரண்டு வாரம் தங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளையருக்கு இடம்விட்டுப் பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்துக் கைதானார். ஆனால் 1943 முதலே அவர் மான்ட்கோமரியில் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கக் கிளையில் செயலாளராகப் பணியாற்றியவர். பன்னிரண்டு ஆண்டு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவருக்கு அந்த இரண்டு வாரம் பலன் தந்தது. வேலை எதையும் தொடங்காத ஒருவரை முகாமுக்கு அனுப்பிவிட்டு அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மாலை வகுப்புக்கு நல்ல முன்மாதிரியும் அதே ஹைலாண்டரின் துணையோடு வந்ததுதான். தென் கரோலினாவில் வாக்காளராகப் பதிய மாநில அரசமைப்பின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. இதற்காக அங்குள்ள ஜான்ஸ் தீவில் கறுப்பின மக்களுக்கு 1957 ஜனவரியில் குடியுரிமை வகுப்பு தொடங்கியது. முதல் வகுப்பில் 14 பேர். இடம், வெளியிலிருந்து பார்த்தால் மளிகைக் கடையாகத் தெரிந்த கட்டடத்தின் பின்னறை. ஆசிரியர் பெர்னிஸ் ராபின்சன் அழகுக்கலைத் தொழில் செய்தவர், அதற்கு முன் ஆசிரியராக இருந்ததே இல்லை. உங்களுக்கு என்ன கற்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொன்னதிலிருந்தே தொடங்கினார்: பெயர் எழுதுவது, பைபிள் வாசிப்பது, படிவம் நிரப்புவது.

நம் ஊருக்கு இதை மாற்றினால், 15 பேர், இரவு 7 முதல் 9 வரை, வாரம் இரண்டு நாள், 12 வாரம். மொத்தம் 48 மணி. முகாமைவிட 13 மணி அதிகம், ஒரு நாள் கூலியும் போகாது. வகுப்பு எடுப்பவர் அதே பகுதிக்காரராக இருப்பது நல்லது; சட்டம் பிசகாமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை வழக்கறிஞர் வந்து பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரம் சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டை மனுக்களை எழுதிப் பழகலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் அதைக் கொடுத்து ரசீது வாங்கி வருவதே முதல் பாடம். ஆதிக்கச் சாதியினரின் கண்ணிலும் அது மனு எழுதும் வகுப்பாகவே தெரியும்.

நான்காம் வாரத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு வரலாம். "என்னைச் சாதி பெயர் சொல்லித் திட்டி அடித்தார்கள்" என்ற ஒரே வரிப் புகாரைப் பலகையில் எழுதிவிட்டு, என்ன குறை என்று கேளுங்கள். திட்டிய சொல் எது என்பது அப்படியே இருக்க வேண்டும். எந்த இடம், அப்போது அங்கே யார் யார் இருந்தார்கள் என்பது வேண்டும்; பிரிவு 3(1)-இன் ஆர், எஸ் உட்பிரிவுகளுக்கு அவமதிப்பு பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் அந்தக் குற்றச்சாட்டே விழுந்துவிடும். பாதிக்கப்பட்டவர், எதிரி இருவரின் சாதியும் இருக்க வேண்டும். தேதி, நேரம், காயம், சிகிச்சை பெற்ற மருத்துவமனை. இப்படி ஒரு வரி பதினைந்து வரியாக வளர்வதை ஒவ்வொருவரும் தன் கையால் எழுதிப் பார்க்க வேண்டும்.

அடுத்து ஒத்திகை. இதை விட்டுவிட்டு நடத்தும் எந்த வகுப்பும் அரைகுறைதான். 1959இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் கறுப்பினப் போராளி ஜேம்ஸ் லாசன் நடத்திய பயிலரங்குகளில் மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவகத்தில் உட்காருவதையும், வசை கேட்பதையும், அடி வாங்குவதையும் நடித்துப் பழகினார்கள். 1960 பிப்ரவரியில் உண்மையாகவே உட்கார்ந்தபோது, ஒரு வரிசை கைதானால் அடுத்த வரிசை அமர்ந்தது. லாசன் அதற்குமுன் நாக்பூரில் மூன்றாண்டு தங்கி காந்தியப் போராட்ட முறையைக் கற்றவர். நமக்கு வேண்டியது காவல் நிலைய ஒத்திகை. புகார்தாரர், துணைக்கு வந்தவர், ரைட்டர், ஆய்வாளர் என நான்கு பேர். ரைட்டர் வழக்கம்போல், "சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றேன்மா, நாளைக்கு ரெண்டு தரப்பும் வாங்க, பேசி முடிச்சிக்கலாம்" என்பார். சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்ததற்கான ரசீது மட்டுமே, வழக்குப் பதிவு அல்ல. துணைக்கு வந்தவர் குரலை உயர்த்தாமல், "எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லைன்னு வன்கொடுமைச் சட்டம் 18ஏ சொல்லுது சார். நகல் வாங்கிட்டுத்தான் போவோம்" என்று சொல்லத் தெரிய வேண்டும். மறுத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4)-இன்படி மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பி, அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். பெரும்பாலோர் முதல் ஒத்திகையில் சி.எஸ்.ஆரை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிடுவார்கள். மூன்றாவது முறைதான் வாய் வரும். ஒரே முகாமில் 30 பேருக்கும் மூன்று முறை வாய்ப்புத் தர நேரமே இருக்காது.

மாலை வகுப்பும் உடையும். நடவு, அறுவடை வாரங்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். அந்த வாரங்களை முன்பே தள்ளிவைத்துத்தான் தேதி போட வேண்டும். வகுப்பு ஒரு குடும்பத்தின் வீட்டில் நடந்தால் அந்தப் பங்காளிகளோடு பேச்சில்லாதவர்கள் வரமாட்டார்கள். ஊருக்குள்ளேயே நடப்பதால் வெளியுலகத் தொடர்பும் கிடைக்காது.

களப்பயிற்சி கூர்மையானது, ஆபத்தானதும் அதுதான். ஐந்து பேர் கொண்ட உண்மை அறியும் குழுவில் பயிற்சி பெறுபவர்கள் இருவருக்கு மேல் வேண்டாம். எதிர்த்தரப்பு, கிராம நிர்வாக அலுவலர், காவல் ஆய்வாளர் எல்லோரையும் பார்த்து, கண்ணால் கண்டது, பிறர் சொன்னது, தான் ஊகித்தது ஆகியவற்றை அன்றிரவே மூன்று தனித்தனிப் பக்கங்களில் எழுதக் கற்பது வேறெங்கும் கிடைக்காது. விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. நிலையில் இருக்கிறாரா, 60 நாளில் குற்றப்பத்திரிகை வந்ததா என்று தேடிப் பார்க்கும் பழக்கமும் இங்கேதான் வரும். ஆனால் பயிற்சி பெறாதவர் போனால் பாதிக்கப்பட்ட பெண்ணை நான்காவது தடவையாக எல்லாவற்றையும் சொல்ல வைப்பார், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார். பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 72இன்படி குற்றம், குழந்தையானால் போக்சோ சட்டம் 23ஆம் பிரிவும் சேரும். சாட்சியின் பெயர் வெளியே போனால் அடி விழுவது அந்தச் சாட்சிக்கு. அதனால் 12 வார வகுப்பு முடிக்காத யாரையும் களத்துக்கு அழைத்துப் போகக் கூடாது.

ஆக, முதலில் மாலை வகுப்பு. அதில் நின்றவர்களுக்குக் களம். களம் கண்டவர்களைப் பல மாவட்டங்களிலிருந்து கூட்டி இரண்டு நாள் முகாம். அந்த முகாமுக்குக் கருத்தாளர் பட்டியல் தேவைப்படாது. ஆளுக்கொரு வழக்குக் கோப்போடு வருவார்கள், எதிர் வழக்கு போடப்பட்டதை எப்படிச் சமாளித்தோம் என்று ஒருவருக்கொருவர் சொல்வார்கள். ஒன்றுக்கு மட்டுமே பணம் இருந்தால் மாலை வகுப்பையே எடுங்கள்.

பயிற்சி பலித்ததா என்று பார்க்கத் தேர்வுத்தாள் வேண்டாம். மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளில் 17ஆம் விதி. கடந்த ஆண்டு எத்தனை முறை கூடியது, கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் என்ன என்று கேட்டு, 10 ரூபாய் கட்டணத்தோடு ஒவ்வொருவரும் தகவல் உரிமை மனு போடட்டும். 30 நாளில் பதில் வராவிட்டால், யாரும் நினைவூட்டாமல் முதல் மேல்முறையீடு செய்தவர்களை எண்ணிக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்பை நடத்த வேண்டியவர்கள் அவர்கள்.