புல்தரையைப் பிழைக்க வைப்பதாகச் சொல்லி வருபவரிடம் முன்பணம் கொடுக்கும் முன்

சேலத்தில் கோரிமேட்டுக்கு அப்பால் உள்ள எங்கள் வீட்டின் முன்புறம், என் தந்தை தம் கையால் நட்டு வளர்த்த ஏறத்தாழ 600 சதுர அடி அருகம்புல் தரை, சென்ற கோடையில் திட்டுத்திட்டாக வெளுத்து, மிதித்தால் நொறுங்கும் நிலைக்கு வந்தது. அதை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பில் ஒருவரை நம்பி 24,000 ரூபாயை இழந்தேன். அவர் இதே பேச்சோடு சுற்றுவட்டாரத்தில் வேறு வீடுகளுக்கும் சென்று வருவதாகத் தெரியவந்ததால் இதை எழுதுகிறேன்.

வந்தவர் ஏற்காட்டு எஸ்டேட் பங்களாக்களில் தாம் போட்ட புல்தரைகள் என்று கைபேசியில் படங்களைக் காட்டினார். "ஐயா, இந்த மண்ணு செத்துப்போச்சு. மேல நல்ல மண்ணு அடிச்சு கொரியன் புல்லு பதிச்சா பதினஞ்சே நாள்ல பச்சைப் பசேல்னு ஆயிரும்" என்றார். செத்துவிட்டதாகச் சொன்ன மண்ணில் ஒரு பிடிகூட அவர் தோண்டிப் பார்க்கவில்லை என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலமோ 300 மீட்டரைக்கூட எட்டாது. அந்தக் குளிரில் எடுத்த படம் நம் ஊர் வெயிலுக்குச் சான்றாகாது.

15,000 ரூபாயை முன்பணமாகவும், மீதியைப் புல் பத்தைகளைப் பதித்த அன்று மாலையிலும் வாங்கிக்கொண்டார். பழைய தரையைக் கொத்தாமல், அதன் மேலேயே ஒரு டிராக்டர் ஏரி மண்ணை இரண்டு அங்குல கனத்துக்குப் பரப்பி, பத்தைகளை அடுக்கி, யூரியாவை அள்ளித் தெளித்தார்கள். இரண்டு வாரம் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரத்தில் இலைகள் மஞ்சளாயின. பத்தைகளைத் துளைத்துக்கொண்டு கோரை கிளம்பியது. அந்த ஏரி மண் முழுவதும் கோரைக் கிழங்குகள் இருந்திருக்கின்றன. மேலே பிடுங்கினாலும் அடியில் கிழங்கு தங்கிவிடும் என்பதால் கோரையை ஒழிப்பது எவ்வளவு கடினம் என்பது விவசாயம் தெரிந்தவர்களுக்குப் புரியும். அவரை அழைத்தபோது, பெயரே ஒட்டாத ஒரு புட்டியிலிருந்து ஏதோ மருந்தை அடித்துவிட்டுப் போனார். புல் கருகியது, கோரை மீண்டும் துளிர்த்தது. அதற்குப் பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவே இல்லை.

அதன் பின்னரே சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு மண்ணை எடுத்துச் சென்றேன். கார அமில நிலை 8.6, அதாவது மண்ணில் காரம் மிகுதி என்று வந்தது. மேக்னசைட் என்ற கனிமத்தை வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கரடு எங்களுக்கு மிக அருகில் இருப்பதோடு, மாடி கட்டியபோது சிமெண்ட் கலவையை அந்தப் புல்லின் மேல்தான் குவித்திருந்தோம். காரத்தன்மை மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது என்பதால், எவ்வளவு யூரியா போட்டாலும் அந்த மஞ்சள் மாறாது. அடியில் மண் இறுகிக் கிடந்ததால், விட்ட தண்ணீர் புதிய மண்ணோடு நின்று வேரை அழுகச் செய்திருக்கிறது. கடப்பாரையால் ஓரடி குத்தியிருந்தாலே அந்த இறுக்கம் தெரிந்திருக்கும். அதைச் செய்யாமல் பணம் வாங்கியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே, யார் வந்தாலும் முதலில் அரை அடி ஆழத்துக்குத் தோண்டச் சொல்லுங்கள். கொண்டுவரும் மண்ணை இறக்கும் முன்பே சல்லடையில் சலித்துக் கிழங்கு இருக்கிறதா என்று பாருங்கள். பத்தைகள் வேர் பிடித்து, முதல் முறை புல் வெட்டும் வரை பாதித் தொகையையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அனைத்தையும் அகற்றி, மண்ணைக் கொத்தி ஜிப்சமும் மட்கிய தொழுவுரமும் கலந்து, கிணற்றோரம் தப்பிப் பிழைத்திருந்த என் தந்தையின் அருகம்புல்லையே கரணைகளாக நட்டிருக்கிறோம். பாதித் தரை மூடிவிட்டது. ஞாயிறுதோறும் கோரைக் கிழங்கு தோண்டும் வேலை மட்டும் இன்னும் முடியவில்லை.