சூப்பர் நிண்டெண்டோவா, மெகா டிரைவா? கட்டை விரல் சொல்லும் தீர்ப்பு

டிவியில் மாட்டி ஆடும் அந்தக் கால 16-பிட் கேம் கன்சோல்கள் என்றாலே பேச்சு எத்தனை நிறம், எவ்வளவு வேகம் என்றுதான் போகும். மெகா டிரைவின் பிராசசர் 7.6 மெகாஹெர்ட்ஸ், சூப்பர் நிண்டெண்டோவுடையது வெறும் 3.58 என்று ஒருவர் ஆரம்பிப்பார். இசையைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள் என்று இன்னொருவர் மடக்குவார். வருஷக்கணக்கில் இழுக்கிற வழக்கு அது, நமக்கு வேண்டாம். நான் பார்ப்பது கட்டை விரல் எங்கே தங்குகிறது, அங்கிருந்து எங்கே போக வேண்டியிருக்கிறது என்பதை மட்டும். இரண்டு கன்சோல்களின் கேம்களும் ஏன் அவ்வளவு வேறு வேறு மாதிரி என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

முதலில் மெகா டிரைவைச் செய்த செகா. 1988-இல் ஜப்பானில் வெளியான மெகா டிரைவுடன் வந்தது மூன்று பட்டன் கன்ட்ரோலர்: ஏ, பி, சி, அப்புறம் ஸ்டார்ட். மூன்றுதானே என்று இளக்காரமாக நினைக்கக் கூடாது. 'சோனிக்' கேமில் மூன்றுக்கும் ஒரே வேலை, குதிப்பது. எதை அழுத்துவது என்ற யோசனையே கிடையாது, கண் முழுக்கப் பாதையில் இருக்கும். 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 2'-இல் பி அடிக்க, சி குதிக்க. ஏ சிறப்புத் தாக்குதலுக்கு. ஆனால் அதற்கு நம் உயிரிலிருந்தே விலை கொடுக்க வேண்டும். அதனால் கட்டை விரல் பி-க்கும் சி-க்கும் நடுவிலேயே உலாவும், நாலு பேர் சுற்றி வளைத்தால்தான் ஏ பக்கம் ஒதுங்கும். 'கன்ஸ்டார் ஹீரோஸ்' மாதிரி ரகளையான கேமும் இதே மூன்று பட்டனில் அடங்கிவிட்டது. செகா கேம்களின் அந்த நேரடியான வேகத்துக்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம் என்பேன்.

நிண்டெண்டோ போன வழி வேறு. 1990-இல் வந்த சூப்பர் ஃபேமிகாமின் (சூப்பர் நிண்டெண்டோவின் ஜப்பானியப் பெயர்) கன்ட்ரோலரில் ஏ, பி, எக்ஸ், ஒய் என்று நான்கு பட்டன்கள் வைர வடிவத்தில் உட்கார்ந்திருக்கும், மேல் விளிம்பில் எல், ஆர் என்று இரண்டு. இந்த வைரத்தின் அருமை தெரிய 'சூப்பர் மாரியோ வேர்ல்ட்' ஆடிப் பார்க்க வேண்டும். ஒய்-யைப் பிடித்திருந்தால் மாரியோ ஓடுவான், பி-யை அழுத்தினால் குதிப்பான். ஓட்டத்தை விடாமல் குதிக்க வேண்டும், இருப்பதோ ஒரே கட்டை விரல். வைரத்தில் ஒய்-யும் பி-யும் சாய்கோட்டில் இருக்கின்றன. வலது கட்டை விரலும் அதே சாய்வில்தான் வந்து படுக்கும். நுனி ஒய் மேல் இருக்க, விரலின் அடிப்பகுதியைக் கொஞ்சம் அமுக்கினால் பி. விரலைத் தூக்க வேண்டியதே இல்லை. அமெரிக்க மாடலில் ஏ, பி இரண்டும் மேடாகவும், எக்ஸ், ஒய் இரண்டும் குழிவாகவும் இருக்கும். விரல் எதன் மேல் இருக்கிறது என்று பார்க்காமலே சொல்லலாம்.

எல், ஆர் பட்டன்களும் சும்மா அலங்காரமாக நிற்கவில்லை. 'எஃப்-ஜீரோ'வில் வளைவில் சாய, 'சூப்பர் மெட்ராய்ட்'டில் சாய்வாகக் குறி வைக்க என்று, அதுவரை வேலையில்லாமல் இருந்த ஆள்காட்டி விரல்களுக்கு வேலை வந்தது.

ஆனால் இதே கன்ட்ரோலர் திணறுகிற இடம் ஒன்று உண்டு: 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'. குத்து மூன்று, உதை மூன்று, மொத்தம் ஆறு பட்டன் கேட்கிற ஆட்டம். எண்ணிக்கைக்கு நிண்டெண்டோவில் ஆறு இருக்கிறது. ஆனால் பலமான குத்து எல்-லுக்கும் பலமான உதை ஆர்-க்கும் போய்விடுகின்றன. ஹடோக்கென் என்கிற ஆற்றல் உருண்டையை எறிய இடது கட்டை விரலைச் சுழற்றிக்கொண்டே அதே கையின் ஆள்காட்டி விரலால் எல்-லை அமுக்க வேண்டும். பழகலாம்தான், ஆனால் இயல்பாக வராது.

செகாவின் மூன்று பட்டனில் நிலைமை இன்னும் மோசம். குத்திலிருந்து உதைக்கு மாற ஸ்டார்ட்டைத் தட்ட வேண்டும். அதற்குள் எதிராளி நம்மைப் படுக்கவைத்துவிடுவான். அதனால்தான் 1993-இல் செகா ஆறு பட்டன் கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது: மேல் வரிசையில் குத்து, கீழ் வரிசையில் உதை, காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்தில் இருப்பது போலவே. சண்டை கேம்களுக்கு இதற்கே என் ஓட்டு. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. மூன்று பட்டனுக்காக எழுதிய பழைய கேம்களில் சில இதைப் பார்த்துக் குழம்பும். மோட் பட்டனை அமுக்கிக்கொண்டு கன்சோலை ஆன் செய்தால் அது சாதுவாக மூன்று பட்டன் கன்ட்ரோலராகிவிடும்.

இடது கட்டை விரல் திசை காட்டும் டி-பேடிலும் இதே பிரிவினைதான். நிண்டெண்டோவின் சிலுவை வடிவம் 1982-இல் வந்த 'டாங்கி காங்' கேம் & வாட்ச் கையடக்கக் கருவிக்காக நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய் உருவாக்கியது. வலது என்றால் வலதுதான், தெரியாமல் மூலைக்கு வழுக்காது. செகாவுடையது வட்டத் தட்டின் மேல் சிலுவை. கால் வட்டம் சுழற்ற அருமை, ஆனால் நேராகப் போக வேண்டிய இடத்தில் சில சமயம் மூலைக்கு நழுவும். மாரியோ மாதிரி தாவிப் போகிற பிளாட்பார்ம் கேமுக்கு முன்னது, சண்டைக்குப் பின்னது.

அடுத்த தலைமுறையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பிளேஸ்டேஷனின் நான்கு துண்டு டி-பேடில் ஒரு மணி நேரம் சண்டை போட்டால் கட்டை விரல் நோகும். நிண்டெண்டோ 64-இன் அனலாக் ஸ்டிக் (எந்தப் பக்கமும் சாய்க்கக்கூடிய குச்சி), 'சூப்பர் மாரியோ 64'-இல் மெல்ல அடியெடுத்து வைப்பதையும் ஓடுவதையும் ஒரே விரலுக்குக் கொடுத்தது, பிரமாதம். ஆனால் உள்ளே பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசித் தேய்ந்து, நாளடைவில் ஸ்டிக் தொளதொளவென்று ஆடும்.

பிளாட்பார்ம், சண்டை இரண்டுக்கும் ஒரே கன்ட்ரோலர் வேண்டும் என்பவர்களுக்கு, 1994-இல் ஜப்பானில் வந்த செகா சாட்டர்ன் கன்ட்ரோலர் இருக்கிறது. முன்னால் ஆறு பட்டன், மேலே எல், ஆர், நன்றாக உருளும் டி-பேட். மாரியோவை மட்டும் நான் இன்னும் நிண்டெண்டோ கன்ட்ரோலரில்தான் ஆடுவேன்.

இவை எல்லாவற்றுக்கும் இப்போது புது நகல்கள் கிடைக்கின்றன. வாங்கியதும் 'டெட்ரிஸ்' போடுங்கள். டி-பேடில் வலதை அழுத்திப் பிடித்துக்கொண்டு விரலை மேலும் கீழும் லேசாக அசையுங்கள். திரையில் விழும் கட்டம் தானாக வேகமெடுத்துக் கீழே இறங்கினால், டி-பேட் வலதைக் கீழாக எடுத்துக்கொள்கிறது என்று பொருள், அந்த நகலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடைவெளி தெரிந்தால் மட்டும் உடனே கன்ட்ரோலரைத் திட்டாதீர்கள். முதலில் டிவியில் தாமதத்தைக் குறைக்கிற கேம் மோட் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.