டப்பாவில் வந்த தார் ரோடு

டயோரமாவுக்கு, அதாவது சின்ன மாடல்களை நிறுத்திவைக்கச் செய்கிற குட்டிக் காட்சிக்கு, தார் ரோடு போட என்று 100 மில்லி டப்பா பேஸ்ட் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். வெளிநாட்டுச் சரக்கு. கம்பெனி பெயர் வேண்டாம், இதே மாதிரி நாலைந்து பேர் விற்கிறார்கள், எல்லாமே அக்ரிலிக்கில் பொடி மணல் கலந்த குழைவுதான். விலை ஆயிரத்தைத் தாண்டியது, வீட்டில் சொல்லவில்லை.

என்னிடம் 1/32 அளவில், அதாவது நிஜத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்காக, ஒரு மாடல் டிராக்டர் இருக்கிறது. அது நிற்க, குடமுருட்டி ஆற்றங்கரையிலிருந்து வயல் பக்கம் இறங்குகிற மாதிரி ஒரு கிராமத்து ரோடு வேண்டும். ஒற்றைத் தட ரோடு 3.75 மீட்டர் அகலம், 32-ஆல் வகுத்தால் 11.7 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கனத்தில் பூசினால் 35 மில்லி போகும், ஆக ஒரு டப்பாவில் இரண்டு ரோடு தாராளமாக வரும்.

முதல் ரோடு சொதப்பல். ரோடு என்றால் நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சரிவு இருக்க வேண்டும். நூற்றுக்கு இரண்டரை சரிவு என்று வைத்தால் இந்த அளவில் நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் உயரம் வரும். அதையும் பேஸ்டாலேயே கட்டிவிடலாம் என்று நடுவில் அப்பிவிட்டேன். கார்த்திகை மழை வேறு. இரண்டு நாள் காயவே இல்லை, காய்ந்தபோது கோடை வயல் மாதிரி வெடித்து, அடியிலிருந்த சன்போர்டு என்கிற லேசான நுரை அட்டையையும் அப்பளமாக வளைத்துவிட்டது. கனமாகப் பூசலாம் என்று டப்பாவில் போட்டிருக்கிறார்கள், நம்பாதீர்கள். இரண்டாவது தடவை எம்.டி.எஃப் பலகை எடுத்து, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கீற்றுக் கீற்றாக ஒட்டி மேடு கட்டி, மேலே பேஸ்டை மெல்லிசாக இரண்டு கோட் பூசினேன். ஒரு கீறல் இல்லை.

மணல் பருக்கை 1/32-க்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. 6 மில்லிமீட்டர் ஜல்லி இந்த அளவில் 0.19 மில்லிமீட்டர் ஆகும், 80-ஆம் நம்பர் எமரி பேப்பரின் பருக்கையும் ஏறக்குறைய அதேதான். ஆனால் இன்னும் சின்ன 1/72 அளவுக்கான துண்டு ஒன்றில் பூசிப் பார்த்தால், தார் ஊற்றுமுன் ஜல்லி கொட்டி ரோலர் விட்ட மாதிரி இருந்தது. அந்த அளவுக்காரர்கள் 220 எமரி பேப்பர் வாங்கி ஒட்டிவிட்டுப் போங்கள். இன்னும் சொன்னால் எந்த அளவாக இருந்தாலும் புதிதாகப் போட்ட பைபாஸுக்கு எமரி பேப்பர் போதும், இந்த டப்பா கெட்டுப்போன ரோட்டுக்குத்தான்.

நம் ரோடுகளின் ஓரத்தைப் பார்த்திருப்பீர்கள், கடித்த முறுக்கு மாதிரி இருக்கும். பூசி ஒரு மணி நேரத்தில், மேலே தொட்டால் ஒட்டாது, கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும் என்கிற பதம் வரும். அப்போது ஊசியால் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் அப்படியே வருகிறது. அதே பதத்தில் உடைந்த ஹாக்ஸா பிளேடு நுனியால் குறுக்கே சம இடைவெளியில் அழுத்தினேன். சேற்று உழவு முடித்து கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரத்தைக் கழற்றாமல் அப்படியே ரோட்டில் ஏறும் டிராக்டர் போடுகிற வெட்டுத் தழும்பு அது. அப்படி ஓட்டக் கூடாதுதான், யார் கேட்கிறார்கள். இந்தத் தழும்பை எமரி பேப்பரில் கொண்டுவர முடியாது, கொடுத்த காசு எனக்கு இங்கேதான் செரித்தது.

நிறம் மட்டும் சுத்த மோசம். மை மாதிரிக் கறுப்பு. நம் வெயிலில் இரண்டு வருஷ ரோடு சாம்பல் பூத்துப் போகும். உலர்ந்த பிரஷ்ஷில் சாம்பல் பெயின்ட் தொட்டு மேலாகத் தடவினேன், நன்றாகப் பிடிக்கிறது. ஓரத்துச் சேற்றுக்கு வயல் மண்ணையே காயவைத்து இடித்து டீ வடிகட்டியில் சலித்து ஃபெவிக்கால் தண்ணீரில் குழைத்தேன்.

அப்புறம், அறுவடை சமயம் நெல் காயப் போட்டிருக்கிற மாதிரி இருந்தால் நன்றாக இருக்குமே என்று ரவையில் மஞ்சள் பெயின்ட் பிசறிப் பரப்பினேன். மறுநாள் காலையில் பார்த்தால் எறும்பு வரிசை கட்டிச் சுமந்துகொண்டிருக்கிறது. சரி என்று வழித்துவிட்டு, சலித்த ஆற்று மணலுக்கு நிறம் கொடுத்துப் போட்டேன். இப்போது பாதி ரோட்டை நெல் மூடிவிட்டது. அந்தப் பாதிக்குப் பேஸ்ட் பூசியிருக்கவே வேண்டாம்.